உருகாத குங்கிலியம்

குளச்சல் கடற்கரையில் பிறந்து, இப்போது எழுபதுகளின் கடைசியில் இருக்கும் எங்களில் சிலருக்கு, புன்னையெண்ணெயில் குங்கிலியம் உருகும் வாசனையை இன்றும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள முடியும். அந்த வாசனை வரும்போது எனக்கு மட்டும் கூடவே ஒரு கல் நினைவுக்கு வரும். கல் என்று சொல்வது பிழை. அம்பர் ஒருகாலும் கல்லாக இருந்ததில்லை. ஏதோ ஒரு மரத்தின் பட்டை கீறி வழிந்த பிசின், மண்ணுக்கடியில் மனிதர் கணக்குக்கு எட்டாத காலம் கிடந்து இறுகியது அது. ஆனால் நான் அதைக் கையில் எடுத்த அன்று அம்பர் என்ற சொல்லே எனக்குத் தெரியாது.

முதலில் காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, சித்திரை மாதம். ஆங்கிலக் கணக்கில் 1932 ஏப்ரல். சித்திரை ஒன்பதா பத்தா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வெள்ளிக்கிழமை என்பதில் இல்லை. எங்கள் தெருவுக்கு அப்பால் கொப்பரை வியாபாரம் செய்த காக்கா அன்று பள்ளிவாசலில் தொழுகை முடித்து, சலவைச் சட்டையும் கையில் தஸ்பீஹ் மணியுமாக வந்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்த வள்ளம். வருடத்துக்கு ஒருமுறை பழைய தையலைப் பிரித்துப் புதிதாகத் தைத்து, பொருத்துகளில் கயிற்றுத் தும்பைத் திணித்து, அதன்மேல் உருக்கிய குங்கிலியத்தைப் பூசவேண்டும். பூசாத வள்ளத்தில் தண்ணீர் ஏறும்; தண்ணீரை எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்போம். இந்த வேலையைச் செய்பவர் ஓடாவி. குங்கிலியத்தை இடித்து, இரும்புச் சட்டியில் எண்ணெயோடு கொதிக்கவைத்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உறைந்ததைப் பல்லால் கடித்துப் பார்த்துப் பதம் சொல்வார். அந்தப் பதம் அவருடைய பல்லுக்கு மட்டும் தெரிந்தது.

குங்கிலியம் மலையிலிருந்து வந்தது. அருமனைக்கு மேலே, காட்டுக்குள் பயின் மரத்தைக் கொத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து எடுப்பார்கள். அதை வாங்கி, சாக்கில் கட்டி, தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவருபவரைக் குங்கிலியக்காரர் என்போம். ஒல்லியான, குரல் உயராத மனிதர். விரல் நகங்களுக்குள் எப்போதும் மஞ்சளாகப் பிசின் இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் கரையில் எல்லா வள்ளங்களுக்கும் அவர் சரக்குத்தான்.

அவருக்கும் ஓடாவிகளுக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. சட்டியில் போட்டது உருகாமல் அடியில் தங்கினால், சரக்கில் கலப்படம் என்று அர்த்தம். அன்று பொழுது சாய்வதற்குள் விற்றவனின் சாக்கை எல்லோர் முன்னிலும் மணலில் கவிழ்ப்பார்கள். ஒரு கரையில் சாக்கு கவிழ்ந்தவனிடம் மண்டைக்காடு வரைக்கும் எந்த ஓடாவியும் பிறகு ஒரு கட்டிகூட வாங்கமாட்டான். கவிழ்ந்த சாக்கை நான் பார்த்ததில்லை. அப்பா ஒருமுறை பார்த்திருக்கிறாராம். அந்த ஆளை அதற்குப் பிறகு இந்தப் பக்கம் யாரும் காணவில்லை என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு வழக்கம் என்னைச் சார்ந்தது. குங்கிலியம் காய்ச்சும் நாளில் பெண்பிள்ளைகள் வள்ளத்துக்கோ சட்டிக்கோ அருகில் போகக்கூடாது. தொட்டுவிட்டால் காய்ச்சியதைக் கடலில் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாலும் தென்னை வரிசைக்கு இப்பால் நின்று கூப்பிடுவதோடு சரி.

அன்று விடியற்காலை நான் கரையில் தனியாக நடந்தேன். முந்திய இரவு அலை பெரிதாக இருந்தது. பாசியும், சிப்பியும், கரிபோல் கறுத்த மரத்துண்டுகளும் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, என் உள்ளங்கை கொள்ளும் அளவில் ஒரு கட்டி. வெளியே பழுப்பாகத் தோல் பிடித்து, உடைந்த ஒரு பக்கம் மட்டும் உறைந்த நெய்போல மங்கலாக மஞ்சள் தெரிந்தது. கையில் எடுத்ததும் இரண்டு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. கல்லின் கனம் இல்லை. கல்லின் குளிர்ச்சியும் இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கன்னம்போல வெதுவெதுப்பாக இருந்தது.

எங்கள் கரையில் மஞ்சளாகக் கிடக்கும் எந்தக் கட்டியும் ஒன்றே ஒன்றுதான்: யாரோ ஓடாவியின் கூடையிலிருந்து விழுந்த குங்கிலியம். வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று யாரும் நினைக்கமாட்டோம். பையன்கள் அப்படிப் பொறுக்கியதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை அவர்கள் கையாலேயே சட்டியில் போட ஓடாவி விடுவார். எனக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வள்ளத்தருகே யாரும் இல்லை. இடிப்பதற்காக நிறுத்து வைத்த குங்கிலியக் கூடை திறந்து கிடந்தது. ஓடிப்போய் அதில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வள்ளத்தில் என் பங்கும் ஒட்டியிருக்கட்டும் என்ற ஆசை. அவ்வளவுதான்.

பத்து மணிவாக்கில் ஓடாவியின் குரல் எங்கள் வீட்டு முற்றம்வரை கேட்டது. நான் தென்னை மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

“இடிச்சாலும் உடைய மாட்டேங்குது, போட்டாலும் உருக மாட்டேங்குது. இது என்ன சவம், ஓய்?” என்று அவர் அப்பாவிடம் கேட்டார். கரண்டியில் என் கட்டி.

“இன்னும் கொஞ்சம் தீ போட்டுப் பாரும்,” என்றார் அப்பா.

“வெறகு முழுக்கப் போட்டாச்சு. சட்டியில உள்ளதெல்லாம் வெள்ளமாட்டு ஆயாச்சு. இது மட்டும் கெடந்து முழிக்குது. கலப்படமாக்கும். ஆளை அனுப்பி அவனைக் கூப்பிடும்.”

கொதிக்கும் எண்ணெயோடு ஒரு சிரட்டையில் கட்டியை ஊற்றி, சாட்சிக்காக அடுப்பு மேட்டில் வைத்தார். குங்கிலியக்காரர் சந்தையில் இருந்தார். அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் ஓடாவி உருகியதை வைத்து இரண்டு பொருத்தைப் பூசி முடித்தார்; சிரட்டை எண்ணெய் பையப் பைய ஆறியது. அப்படி எண்ணெயில் சூடேறி மெதுவாக ஆறும்போது மங்கலான அம்பர் தெளிந்துவிடும் என்பதைப் பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். அதற்கென்றே எண்ணெயில் வேகவைக்கிறவர்கள் உண்டாம். எங்கள் ஓடாவி அதைக் கோபத்தில் செய்தார்.

குங்கிலியக்காரர் சாக்கைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, சிரட்டையில் கைவிட்டு எடுத்து, துண்டால் துடைத்தார். நெய்போல இருந்தது தேனாகியிருந்தது. உள்ளே மீன் செதில்போல் வட்ட வட்டமாகப் பொன் மினுக்கம்.

“கண்ணாடி,” என்றார் ஓடாவி. “எடைக்குக் கண்ணாடியப் போட்டிருக்கீரு.”

“எனக்க சாக்கில இது இல்ல.”

“பின்ன கூடையில முளைச்சுதா?”

கண்ணாடியானால் மூழ்கும் என்று, ஒரு வாளிக் கடல்தண்ணீரில் அதைப் போட்டார் ஓடாவி. மெதுவாகத்தான், ஆனாலும் மூழ்கியது. கூடியிருந்தவர்கள் ‘உச்’ கொட்டினார்கள். குங்கிலியக்காரர் பதறவில்லை. “கருவாடு ஊற வைக்கிற தொட்டி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டுத் தொட்டிதான் பக்கத்தில். உப்புக் கரையமாட்டேன் என்று அடியில் தங்கும் அளவுக்கு அம்மா கலக்கிவைத்த தண்ணீர். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, “எனக்க நெத்திலியில எண்ணெய் பட்டா நீருதான் திங்கணும்,” என்றாள். குங்கிலியக்காரர் மூன்றை அதில் போட்டார். ஓர் உடைந்த பாட்டில் துண்டு, அவர் சாக்கிலிருந்து ஒரு குங்கிலியக் கட்டி, பிறகு உருகாத அந்தக் கட்டி. கண்ணாடி கல்லாக அடியில் போய் உட்கார்ந்தது. மற்ற இரண்டும் நெத்திலிக்கு நடுவே மிதந்தன.

“கண்ணாடியில்ல, கல்லுமில்ல,” என்றார். “இது ஒரு பிசினாக்கும். ஆனா எனக்க பிசினு இல்ல.”

அப்போதுதான் காக்கா வந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்று, கட்டியை வாங்கி, வெயிலிலும் தோளைவிட்டு இறங்காத தன் கம்பளிச் சால்வையில் பரபரவென்று தேய்த்து, கீழே கிடந்த கயிற்றுத் தும்பின் மேல் பிடித்தார். தும்புத் தூள் துள்ளி மேலேறி ஒட்டிக்கொண்டது. காந்தம் இரும்பை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மஞ்சள் கட்டி குப்பையை இழுப்பதை அன்றுதான் பார்த்தேன்.

“கஹ்ருபா,” என்றார் காக்கா. “துரும்பை இழுக்கிற மணி. எனக்க தஸ்பீஹ் இதுல செஞ்சதாக்கும். ஹஜ்ஜுக்குப் போன மாமா கொண்டாந்தது.”

ஓடாவியின் முகம் கொஞ்சம் இறங்கியது. குங்கிலியக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். அவர் தன் குங்கிலியக் கட்டி ஒன்றை எடுத்து அதே சால்வையில் தேய்த்தார். அதுவும் தும்பை இழுத்தது.

“இத வச்சு ஒண்ணும் சொல்ல ஒக்காது,” என்றார். “எனக்க சரக்கும் இழுக்கும்.”

“நீரு யாரு பக்கம் ஓய்?” என்று கேட்டுவிட்டார் அப்பா.

இத்தனை வருடத்தில் அம்பரைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிட நேர்மையான ஒரு சோதனையைக் கண்டதில்லை. தனக்குச் சாதகமான சாட்சியைத் தானே தள்ளிவிட்டார் அந்த மனிதர்.

பிறகு சாக்குத் தைக்கும் ஊசியைத் தீயில் காட்டிச் சிவக்கவைத்தார். அவருடைய குங்கிலியத்தில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இழுத்தபோது நூல்நூலாகப் பிசின் கூடவே வந்தது. அந்தக் கட்டியின் ஓரத்தில் வைத்தபோது ஊசி இறங்கவில்லை. ஒரு பொட்டுக் கருகல், நூலிழைபோல வெள்ளைப் புகை, கோயில் தூபத்துக்கும் பழைய மரப்பெட்டிக்கும் நடுவில் ஒரு வாசனை. நூல் வரவில்லை.

“பெட்ரோமாக்ஸ் வெளக்குக்கு ஊத்துற ஸ்பிரிட்டு உண்டா?” என்று காக்காவிடம் கேட்டார்.

கடையிலிருந்து வந்தது. முதலில் தன் குங்கிலியத்தில் ஒரு சொட்டு விட்டு விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. பிறகு துணியை நனைத்து அந்தக் கட்டியைத் துடைத்தார். சட்டியில் கிடந்தபோது அதன்மேல் படிந்திருந்த குங்கிலியப் பூச்சு மட்டும் பிசுபிசுத்துத் துணியோடு வந்தது. அடியில் இருந்தது இளகவில்லை, ஒட்டவில்லை. கழுவிய கண்போல் ஆகிவிட்டது. அவர் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னது?” என்றார் ஓடாவி.

“சிறுதேனீ.”

ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, என் பக்கமாகத் தூக்கிக் காட்டினாள். தொட்டியடியில் நின்றதால் நான் சட்டிக்குத் தூரம்தான், யாரும் தடுக்கவில்லை.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு சிறகும் விரிந்து, அவற்றில் ஓடும் நரம்புகூடத் தெரிந்தது. தலை சற்றே திரும்பியிருந்தது. பின்னங்கால்களில் ஒன்றில் உருண்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. “கூட்டுக்குப் பிசின் எடுக்க வந்திருக்கு,” என்றார் குங்கிலியக்காரர் மெதுவாக. “சுமையோட போயிருக்கு.” அந்தத் தேனீக்கும் எனக்கும் நடுவே எவ்வளவு காலம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே என் கை மயிர் சிலிர்த்தது. கோயிலில் நற்கருணை உயர்த்தும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் அமைதியாவார்களே, அந்த அமைதி கருவாட்டுத் தொட்டியைச் சுற்றி நின்றது.

இப்போது அந்தக் கல் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்து வந்த ஆவணியில், அம்மாவின் செபமாலைக்கு மணி செய்ய அப்பா அதை நாகர்கோவிலில் ஒரு ஆசாரியிடம் கொடுத்தார். ஐந்து மணி வந்தது, ஐந்தும் தெளிவாக. தேனீயைப் பற்றிக் கேட்டதற்கு, “அழுக்கு இருந்த பக்கத்த அரம் போட்டு எடுத்துட்டேன்,” என்றாராம். நன்றாகச் செய்ததாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ஒரு பூச்சியின் கால் மயிர்வரை கெடாமல் காத்துவைக்கும் பொருள் உலகில் மிகக் குறைவு என்றும், அறிஞர்கள் மணியை எறிந்துவிட்டு அந்த அழுக்கைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்றும் அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த மணிகளும் பிறகு வீடு மாறும்போது தொலைந்தன.

அன்றைக்குத் திரும்புகிறேன். பார்த்து முடித்ததும் எல்லோருக்கும் குரல் வந்துவிட்டது. இப்போது யாரும் கலப்படம் என்று சொல்லவில்லை. “மலையில எந்தப் பக்கம் ஓய் இது?” “இன்னும் உண்டா?” என்று குங்கிலியக்காரரைச் சூழ்ந்தார்கள்.

“உமக்க சாக்கில இருந்துதுண்ணு ஒத்துக்கிட்டாப் போதும்,” என்றார் ஓடாவி. “சரக்கோட தெரியாம வந்துட்டுன்னு சொல்லும். அதோட முடிஞ்சுது. சாக்கக் கவுக்க மாட்டேன்.”

“எனக்க மலையில இது கெடையாது.”

“கூடையில உள்ளதெல்லாம் உமக்க சாக்குலேருந்து நிறுத்ததாக்கும்.”

“நிறுத்ததெல்லாம் எனக்க கை அறியும். இத எனக்க கை அறியாது. இல்லாதத உண்டுன்னு எப்பிடிச் சொல்லுவேன்?”

“அப்ப பொய் சொல்லுறது நானா?” ஓடாவிக்கு மறுபடியும் கோபம் ஏறியது. அத்தனை பேர் முன்னால் அவர் இறங்கிவந்து, அதையும் குங்கிலியக்காரர் தள்ளிவிட்டால் அவர்தான் என்ன செய்வார்? “உருகாதது உமக்க சரக்கில வந்துது. வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பொழுது சாயட்டும்.”

குங்கிலியக்காரர் சாக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் வாயைக் கட்டியிருந்த கயிற்றில் கைவைத்துக்கொண்டார். எந்த நிமிடமும் அவிழ்க்கச் சொல்வார்கள் என்று காத்திருப்பவர்போல. வெயில் தென்னை நிழலை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டிருந்தால் தப்பியிருக்கலாம். நான் பின்னாளில் யோசித்ததுண்டு: ஒத்துக்கொண்டிருந்தால், அந்தத் தேனீயின் ஊர் அருமனை மலை என்றே எல்லோரும் நம்பியிருப்போம். இப்படிப்பட்ட பொருளுக்கு எங்கே கிடைத்தது என்பதுதான் பாதி மதிப்பு. இடம் பொய்யானால் அது வெறும் மணி.

ஆனால் ஒன்பது வயதில் நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. நான் சொன்னால் சட்டியைக் கடலில் ஊற்றவேண்டும். பூசிய இரண்டு பொருத்தைச் சுரண்டவேண்டும். அப்பா இன்னும் எத்தனை நாள் கரையில் உட்கார்ந்திருப்பாரோ. சொல்லாவிட்டால் இந்த மனிதர் இனி வரமாட்டார். இது மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“நான்தான் போட்டேன். கரையில கெடந்துது.”

அப்பா திரும்பினார். “ஏட்டி, எதுல போட்டே?”

“கூடையில.”

அப்பாவின் கை ஓங்கியது. குங்கிலியக்காரர் எழுந்து நடுவில் வந்து நின்றார். எல்லோரும் ஓடாவியைப் பார்த்தார்கள். பெண்பிள்ளை தொட்ட கூடை. அவர் சட்டியைப் பார்த்தார். வெயிலில் பளபளத்த புதுப் பூச்சைப் பார்த்தார். பிறகு காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தார்.

“கரையில கெடந்துதுன்னு சொன்னது கேட்டுது,” என்றார். “அதுக்குப் பெறவு ஒண்ணும் கேக்கல்ல. இந்தப் பக்கத்துக் காது எனக்குக் கொஞ்ச நாளாட்டே மோசம், ஓய்.”

யாரோ சிரித்தார்கள். அப்பாவின் கை தானாக இறங்கியது.

“எங்க கெடந்துது மக்கா?” என்று குங்கிலியக்காரர் என்னைக் கேட்டார். “எடத்தக் காட்டு.”

நான் முன்னே நடந்தேன். அத்தனை பேரும் என் பின்னால் வந்தார்கள். காலையில் ஒதுங்கிய பாசி வரி காய்ந்து கிடந்தது. பாறைக்கு வடக்கே, கறுத்த மரத்துண்டுகள் அதிகமாகக் கிடந்த இடத்தைக் காட்டினேன். குங்கிலியக்காரர் குனிந்து அவற்றில் ஒன்றை எடுத்து உடைத்தார். கரிபோல உடைந்தாலும் உள்ளே மரத்தின் வரி வரியாக இருந்தது. முகர்ந்தார். கொஞ்சம் கடித்துத் துப்பினார். பிறகு நிமிர்ந்து கடலைப் பார்த்தார். மலைக்காரரான அவர் கடலை அதற்குமுன் பார்க்காதவரல்ல. ஆனால் அப்படி ஒருவர் பார்த்து நான் கண்டதில்லை. பழக்கமான வீட்டில் புதிதாக ஒரு கதவைக் கண்டவர்போலப் பார்த்தார்.

“இங்க காடு இருந்திருக்கு,” என்றார்.

“கடல்லயா?” ஓடாவி சிரித்தார். “கடல்ல பாசியும் பாறையும்தான் ஓய் இருக்கும்.”

“மரமில்லாம பிசின் இல்ல. பட்டை கீறாம வழியாது. பூ இல்லாத எடத்துக்குத் தேனீ வராது. இது எனக்க மலையிலேருந்து வந்ததுன்னா நான் அறிவேன். வரல்ல. அப்ப இங்கதான்.”

ஓடாவி மறுபடி சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். காக்காவின் விரல்கள் தஸ்பீஹில் நின்றுவிட்டன. அலை வந்து எங்கள் காலை நனைத்துவிட்டுப் போனது. இந்தக் கரைக்கு வடமேற்கே, கடலோரக் களிமண் மேடுகளில் கறுத்த மரமும் மஞ்சள் பிசினும் படுகை படுகையாகக் கிடப்பதாகப் பின்னாளில் நான் படித்தபோது, கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் எந்தப் புத்தகமும் படித்தவரல்ல.

அப்பா அந்தத் தண்ணீரில் சிறுவயது முதல் தொழிலுக்குப் போனவர். எந்த இடத்தில் எத்தனை பாகம் (விரித்த இரு கை நீளம் ஒரு பாகம்) ஆழம், எங்கே மணல், எங்கே சேறு என்று இருட்டிலும் சொல்வார். அவர் தலைமுண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி வெகுதூரம் பார்த்தார்.

“எத்தற தூரத்துக்கு இருந்திருக்கும்?” என்று கேட்டார்.

“அது எனக்குத் தெரியாது,” என்றார் குங்கிலியக்காரர். “நீருதான் தெனமும் அதுக்கு மேல போறீரு.”

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்ததும், கட்டவிழாமல் கிடந்த சாக்கை ஓடாவியே குனிந்து தூக்கி, குங்கிலியக்காரர் தலையில் ஏற்றிவைத்தார்.